மாடம்பாக்கம் குமுரா குழு

"என் தலை மேல அந்தம்மா கால் எப்படிம்மா வந்துச்சு?"

பேனருக்குக் கீழே இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு குப்புராஜ் கேட்டார். ஹேமாவதி அண்ணாந்து பார்த்தாள். ஐயோ, நிஜம்தான். மேல் வரிசையில் கங்கையம்மாள் கூடையோடு முழு உருவமாக நிற்கிறார். கீழ் வரிசையில் குப்புராஜ் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மாளின் இரண்டு பாதமும் அளவெடுத்த மாதிரி இவருடைய வழுக்கையில் வந்து பதிந்திருந்தன.

"மிதிக்கிற மாதிரி இல்ல சார். ஆசீர்வாதம் பண்ற மாதிரிதான் இருக்கு," என்றார் ஏசுபாதம். மைக் செட், நாற்காலி, ஃப்ளெக்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் அந்தப் பொறுப்பில் சேராது.

"எனக்கு எதுக்குய்யா அந்தம்மா ஆசீர்வாதம்? ஹேமாம்மா, சொல்லிட்டேன். இந்த பேனரு இப்படியே இருந்துச்சுன்னா, கேட்டைப் பூட்டிட்டு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு போயிடுவேன். அப்புறம் உங்க ஆபீசரு சுவரேறித்தான் குதிக்கணும்."

ஹேமாவதிக்குத் தெரியும். அவர் செய்யக்கூடியவர்தான். மாடம்பாக்கத்தில் அந்தப் பழைய கூடத்துக்குப் போகும் வழி குப்புராஜ் வீட்டு நிலத்தின் வழியாகத்தான் போகிறது. அவருடைய தாத்தா காலத்தில் அங்கே நெல் காய்ந்தது. இப்போது பிளாட்டு போட்டு விற்றதுபோக மிச்சமிருப்பது அந்த வழியும் அந்த கேட்டும்தான்.

அந்தக் கூடத்தைப் பண்பாட்டு மையமாக ஆக்குவதற்கு ஹேமாவதி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டீச்சர் வேலையை விட்டாள். வீடு வீடாகப் போய்ப் பழைய ஏரிப் படம், மரக்கால், ஏற்றத்துச் சால் என்று கெஞ்சி வாங்கி வந்து அடுக்கினாள். சொந்த வீட்டுப் பரணைக்கூட இவ்வளவு ஆசையாக அவள் துடைத்ததில்லை. இப்போது மாநகராட்சி மேலிடத்திலிருந்து திடீரென்று ஒரு போன். உள்ளூர் சரித்திரம் மட்டும் போதாதாம். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் கலையும் அங்கே நடக்க வேண்டுமாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். திருப்தி இல்லையென்றால் மரக்காலையும் ஏற்றத்தையும் வாரி வெளியே போட்டுவிட்டுக் குப்பை வண்டிகளை உள்ளே நிறுத்திவிடுவார்களாம்.

அந்த அதிகாரி வருகிற நாள் இன்றைக்குத்தான்.

"ஏசுபாதம் அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டு பேரையும் ஒரே வரிசையில போட்டு வேற அடிச்சுட்டு வாங்க," என்றாள்.

"போட்ரலாம் சிஸ்டர். ஆனா எடம் பத்தாது. கீழ இருக்கிற டான்ஸ்காரங்க படத்தைத் தூக்கணும்."

டான்ஸ்காரர்கள் என்றால் மாஜி என்பவரும் அவருடைய ஆட்களும். எட்டுப் பேர். கூடுவாஞ்சேரியில் ஒரு பெரிய அடுக்ககத்தில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். ஹேமாவதி அங்கே போய், "எந்த ஊருங்க?" என்று கேட்டபோது "காலாஹாண்டி, ஒடிசா" என்றார் மாஜி. அவ்வளவுதான், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "காலாஹாண்டியா! அப்போ குமுரா ஆடுவீங்களே! மார்புல மோளம் கட்டிக்கிட்டு, தலையில மயிலிறகு வெச்சு, போர்வீரன் மாதிரி!" என்று படபடவென்று பேசினாள். மாஜி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "மேடம் கேக்கறாங்கல்ல, ஒருநாள் லீவு தர்றேன், போங்கப்பா," என்றார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். உடைகளை நாடகக் கடையில் வாடகைக்கும், மோளங்களை நகரத்து ஒடியா சங்கத்தில் இரவலுக்கும் அவளே ஏற்பாடு செய்தாள். ஒத்திகை பார்க்க வரட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், "கண்ணு பட்டுடும் மேடம்," என்று மாஜி மறுத்துவிட்டார். இவ்வளவு பயபக்தியோடு கலையை வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குப் புல்லரித்தது.

இப்போது அவர்களுடைய படத்தையா எடுப்பது? ஹேமாவதி ஓரமாக நின்ற மாஜியைச் சங்கடத்தோடு பார்த்தாள்.

"தூக்கிடுங்க மேடம்," என்றார் மாஜி உடனே. பன்னிரண்டு வருடம் கூடுவாஞ்சேரியில் இருந்து அவருடைய தமிழ் நன்றாகவே ஊறிப்போயிருந்தது. "எங்க மூஞ்சி இன்னாத்துக்கு? தெரியாம கீறதுதான் நல்லது."

என்ன பெரிய மனசு என்று ஹேமாவதி நெகிழ்ந்தாள்.

புதுப் பேனர் வந்து கட்டி முடிப்பதற்கும், கங்கையம்மாள் குட்டியானை வண்டியில் தன் ஆட்களோடு வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. கடலோரக் குப்பத்துக்காரர். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் தலைவி. மையத்தின் முற்றத்தில் கம்பீரமாகக் கிடக்கிற கட்டுமரம் அவருடைய மாமனாருடையது. வலை, துடுப்பு, மீன் போடும் பறி எல்லாமே அந்த வீட்டுச் சாமான்கள். சொல்லப்போனால் மையத்திலிருந்த சரித்திரத்தில் பாதி கங்கையம்மாளுடையது.

இறங்கியதும் பேனரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா ஹேமா இது? அந்தாளு சோபால குந்திகினு கீறாரு. நான் பக்கத்துல கூடையோட நின்னுகினு கீறேன்."

"ஒரே வரிசைதானே அக்கா?"

"வரிசை ஒண்ணுதான். ஆனா பாக்கறதுக்கு அவரு வூட்டுக்கு நான் மீன் விக்க வந்த மாதிரி கீது. சொல்ட்டேன், வண்டிய சும்மா எட்தாரல. கட்டுமரத்த ஏத்திகினு போய்கினே இருப்பேன்."

ஹேமாவதி பதறிப்போய், ஒரு வெள்ளைத் திரைச்சீலையைக் கொண்டுவந்து பேனரை மூடச் சொன்னாள். ஏசுபாதம் பாதி மூடும்போதே குப்புராஜ் ஓடிவந்தார்.

"அடப் பாவிங்களா! உயிரோட இருக்கிறவன் மூஞ்சியில வெள்ளைத் துணி போத்துறீங்களே, நான் என்னய்யா பாவம் பண்ணேன்? என் பொண்டாட்டி பாத்தா மயக்கம் போட்டு விழுந்துருவா!"

பேனரையே கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆனால் அது போன பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது.

"சரி, பேனரு வேணாம்," என்றார் குப்புராஜ். "அப்ப மேடையில முதல் பொன்னாடை எனக்கு. எங்க தாத்தா விட்ட வழி."

"அத்த எப்டி? மொத பொன்னாடை எனக்கு," என்றார் கங்கையம்மாள். "எங்க மாமனாரு ஓட்ன மரம்."

ஹேமாவதி கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தாள். அதிகாரி வந்த பிறகு இந்தக் கூத்து நடந்தால் மானம் போய்விடும். அவர் வருவதற்குள் மரியாதைகளை எல்லாம் முடித்துவிட்டால், வந்ததும் நேராக ஆட்டம்தான். இந்த யோசனை அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவர் அவருக்கும் அவர் இவருக்கும் ஒரே நேரத்தில் போர்த்தட்டும். யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை.

இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு மேடை ஏறினார்கள். ஆளுக்கொரு பொன்னாடையை விரித்தார்கள்.

"ஒன், டூ, த்ரீ!" என்று ஏசுபாதம் மைக்கில் கத்தினார்.

குப்புராஜ் போர்த்திவிட்டார். கங்கையம்மாளின் கைகளோ அந்தரத்தில் நின்றன. குப்புராஜ் பனைமர உயரம்.

"கொஞ்சம் குனிங்க," என்றார் கங்கையம்மாள்.

"குனியறதா? எங்க பரம்பரையில யாரும் குனிஞ்சது கிடையாது."

"அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுங்க!" என்று கத்தினாள் ஹேமாவதி. கங்கையம்மாள் நாற்காலியில் ஏறினார். இப்போது அவர் தலை மேலே போய்விட்டது. குப்புராஜ் முகம் கறுத்தது. அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது. அவர் ஏறினதும் பழையபடி கைக்கு எட்டவில்லை. கங்கையம்மாளின் நாற்காலிக்கு மேல் இன்னொரு நாற்காலியைப் போட்டு, நாலு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாகப் பொன்னாடை போர்த்தப்பட்டது. கை தட்டுவதற்குப் பதிலாக எல்லாரும் "பாத்து, பாத்து" என்றார்கள்.

அப்பாடா என்று ஹேமாவதி மூச்சு விடுவதற்குள் குப்புராஜின் பங்காளிகள் மூன்று பேர் மேடையேறிவிட்டார்கள். தாத்தா ஒருவருக்கு மட்டுமா தாத்தா? அவர்களுக்கும் தாத்தாதானே! உடனே கங்கையம்மாள் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் ஏறினார்கள். கட்டுமரத்தை வண்டியில் ஏற்றி இறக்கினது யார்? அவர்கள்தானே! எல்லாருக்கும் பொன்னாடை வேண்டும். ஹேமாவதியிடம் அதிகாரிக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணினால்கூடப் பற்றாது.

"சிஸ்டர், ஒரு ஐடியா," என்று காதில் கிசுகிசுத்தார் ஏசுபாதம். "போத்துன கையோட எல்லாரும் மடிச்சு நாற்காலிக்குப் பின்னாடிதான போடறாங்க? நான் பின்னால இருந்து உருவித் தர்றேன். நீங்க முன்னால போத்திக்கிட்டே இருங்க. எல்லா ஊர்லயும் இதான் நடக்குது."

மனசாட்சி உறுத்தினாலும் ஹேமாவதி சரி என்றாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஓடியது. ஒரே பொன்னாடை வட்டமடித்து வட்டமடித்து நான்கு தோள்களைப் பார்த்தது. உற்சாகத்தில் ஏசுபாதம் கங்கையம்மாளுக்கு இரண்டாவது தடவையும் போர்த்த வைத்துவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

கங்கையம்மாள் பொன்னாடையை முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இன்னா, இதுல ஜவ்வாது வாசன அடிக்குது? இந்த ஊர்ல ஜவ்வாது பூசிகினு திரியறது ஒரே ஆளு. அவரு கயட்டிப் போட்டத என் தலைல கட்றியா?"

"இல்லக்கா, கடையிலயே அப்படித்தான்..."

"பொழுது விடிஞ்சா மீன மோந்து பாத்து ஏலம் எடுக்கறவ நான். என் மூக்கை ஏமாத்த முடியுமா? டேய், மரத்த வண்டில ஏத்துங்கடா!"

"என் பொன்னாடையை அந்தம்மாவுக்குக் குடுத்தீங்களா?" என்று குப்புராஜ் மடியில் சாவியைத் தடவினார்.

ஹேமாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டுமரத்தின் தலையை நாலு பேர் தூக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம் குப்புராஜ் போய் இழுத்ததில் கேட்டின் கொண்டி லொடலொடவென்று ஆடியது. அப்போதுதான் மாஜி கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், பேஜார் பண்ணிக்காதீங்க. எங்க இடுப்புல கட்ற செவப்பு துணி எட்டு கீது. ஜரிகை போட்டுது. புச்சு. யாரும் போத்துனது இல்ல. எட்டு பேருக்கும் குத்துடுங்க."

"ஐயோ, உங்க டிரஸ்ஸாச்சே!"

"அத்த விடுங்க மேடம். மத்தவங்க சந்தோசம்தான் முக்கியம்."

ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ பிறந்து, பிழைக்க வந்த இடத்தில் இந்த மனுஷனுக்கு இருக்கிற பெருந்தன்மையில் கால்வாசி இந்த ஊர்க்காரர்களுக்கு இல்லையே! சிவப்புத் துணிகள் எட்டுத் தோளிலும் ஏறின. ஆட்டம் ஆரம்பிக்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கட்டுமரம் இறங்கியது. கொண்டியும் ஓய்ந்தது. ஆனால் குப்புராஜ் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவோடதுல ஜரிகை கொஞ்சம் அகலமா இருக்கே," என்றார்.

"மயிலிறகுக் கிரீடம் கீது மேடம்," என்றார் மாஜி. கேட்காமலே கொண்டுவந்துவிட்டார்.

குப்புராஜுக்குக் கிரீடம் வைத்தார்கள். அவருக்கு வைத்தால் கங்கையம்மாளுக்கு வைக்க வேண்டாமா? அவருக்கு வைத்தால் பங்காளிகளுக்கு? கொஞ்ச நேரத்தில் மேடையில் எட்டுக் கிரீடங்கள் ஆடின.

"எல்லாம் சரி. நினைவுப் பரிசு எங்க?" என்றார் ஒரு பங்காளி. "பொன்னாடை போத்துனா நினைவுப் பரிசு குடுக்கிறது மொறை."

ஹேமாவதி திரும்பினாள். மாஜி ஏற்கெனவே இரண்டு தோளிலும் மோளங்களைச் சுமந்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் பயபக்தியோடு வரிசையாக நின்றார்கள்.

"அண்ணா, அதையும் குடுத்துட்டா நீங்க எதை வெச்சு ஆடுவீங்க?"

"ஆடறதா மேடம் முக்கியம்? ஊரு ஒத்துமைதான் முக்கியம்."

பானை மாதிரி இருந்த மோளங்களை எட்டுப் பேரும் வாங்கினார்கள். கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வார் இருந்ததால் கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். டிரஸ் இல்லாமல் அரைக்கால் சட்டையும் பனியனுமாக நின்ற மாஜி குழுவைப் பார்க்க ஹேமாவதிக்குப் பாவமாக இருந்தது. விருந்தினர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளை வேட்டி, துண்டுகளை எடுத்து ஏசுபாதம் அவர்களுக்குக் கொடுத்தார். எட்டுப் பேரும் பளிச்சென்று கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியும் இட்டுக்கொண்டு, முன் வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

போன் அடித்தது. "மேடம், சேலையூர் சிக்னல் தாண்டிட்டோம்," என்றார் அதிகாரியின் டிரைவர்.

"போட்டோ எடுத்தாச்சு, போதும்! எல்லாரும் கழட்டிக் குடுத்துட்டு இறங்குங்க!" என்று கத்தினாள் ஹேமாவதி. "ஆபீசர் வந்துட்டாங்க! டான்ஸ்காரங்க கட்டணும்!"

எட்டுப் பேரில் ஒருவரும் அசையவில்லை.

"அந்தம்மா முதல்ல கழட்டட்டும்," என்றார் குப்புராஜ்.

"அவரு மொதல்ல எறங்கட்டும்," என்றார் கங்கையம்மாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குங்களேன்!"

"படி ஒரு ஆளு அகலம்தான கீது? யாராச்சும் ஒர்த்தர் முன்னாடி போனாத்தான போவ முடியும்?"

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹேமாவதி மேடைமேல் பாய்ந்து குப்புராஜின் மோளத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவர் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அடி முன்னால் வந்து நின்றார். அவர் முன்னால் நிற்பதைப் பார்த்த கங்கையம்மாள் இரண்டு அடி முன்னால் வந்தார். பங்காளிகள் மூன்று அடி வந்தார்கள். குப்பத்துப் பெண்கள் அவர்களை மோளத்தால் இடித்துக்கொண்டு முன்னேறினார்கள். டம்! மேடை விளிம்பு வந்துவிட்டது. இனி முன்னால் போக இடமில்லை. எல்லாரும் சட்டென்று பின்னால் திரும்பி, சுற்றிவந்து, மறுபடி முன்னால் வர ஆரம்பித்தார்கள். டம் டம்! மயிலிறகு மயிலிறகோடு மோதியது. கிரீடம் விழாமல் இருக்க ஒரு கையைத் தலையிலும், மோளம் ஆடாமல் இருக்க ஒரு கையை மோளத்திலும் வைத்துக்கொண்டார்கள். ஹேமாவதி எப்படியோ தவழ்ந்து வெளியே வந்து விழுந்தாள்.

அதிகாரி வாசலில் கால் வைத்ததும் பாட்டைப் போட வேண்டும் என்பது ஏசுபாதத்துக்குக் காலையிலேயே இட்ட கட்டளை. அதை மட்டும் அவர் பிசகாமல் செய்தார். ஒடியா மோளப் பாட்டு ஸ்பீக்கர் கிழியக் கிளம்பியது.

அதிகாரி ஜெயப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை இன்னும் புதுசாக மின்னியது. வாயைப் பிளந்தபடி மேடையைப் பார்த்தார். எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் பொறி பறக்க, முன்னால் வந்து, திரும்பி, சுற்றி, இடித்து, மறுபடி முன்னால் வந்தார்கள். "உன்னை விட்டனா பாரு!" என்று ஒரு குரல். "வாய்யா, வா!" என்று ஒரு குரல். பாட்டின் சத்தத்தில் அது எந்த மொழி என்றே தெரியவில்லை.

செத்தோம் என்று நினைத்தாள் ஹேமாவதி. குப்பை வண்டிகள் வரிசையாக உள்ளே வருவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. எட்டுப் பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஜெயப்ரியா படபடவென்று கை தட்டினார்.

"அப்பா! என்ன ஒரு வேகம்! என்ன ஒரு ரோஷம்! எவ்வளவோ விழாவுக்குப் போயிருக்கேன் மேடம், எல்லாம் பொம்மை மாதிரி ஆடுவாங்க. இவங்க நிஜமாவே சண்டை போடற மாதிரி இருக்கு!"

"ஆமா மேடம்," என்றாள் ஹேமாவதி ஈனக் குரலில். "ரொம்ப நாள் பயிற்சி."

ஜெயப்ரியா நேராக மேடைக்குப் போய்க் குப்புராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள்! இந்த ஊர் வெயில் எல்லாம் பழகிடுச்சா?"

ஏழு தலைமுறையாக மாடம்பாக்கத்தில் இருக்கிற குப்புராஜுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "என்னங்க சொல்றீங்க?" என்றார்.

"அட, தமிழ்கூட நல்லாப் பேசறீங்களே! எப்ப கத்துக்கிட்டீங்க?"

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஹேமாவதி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். குப்புராஜ் அவளைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு இளகிவிட்டதோ என்னவோ, "இப்பத்தாங்க, கொஞ்ச நாளா," என்று முனகினார்.

அடுத்து கங்கையம்மாள். ஜெயப்ரியா அவர் கன்னத்தைத் தொட்டு, "பெண்களும் ஆடறீங்களா, சூப்பர்! உங்க காலாஹாண்டியில கடல் கிடையாது இல்ல? நேரம் கிடைச்சா கோவளம் பக்கம் போய்ப் பாருங்க. முதல் தடவை பாக்கும்போது கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்," என்றார்.

கங்கையம்மாளின் மூக்கு விடைத்தது. ஹேமாவதி தரையிலேயே உட்கார்ந்து கும்பிட்டாள். "பாக்கறம்மா," என்றார் கங்கையம்மாள் பல்லுக்குள். "யாராச்சும் கூட்டிகினு போனா பாக்கறேன்."

ஜெயப்ரியா கீழே இறங்கி முன் வரிசைக்கு வந்தார். வெள்ளை வேட்டியும் விபூதியுமாக எட்டுப் பேர் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"வணக்கம் ஐயா! நீங்கதானே ஊர்ப் பெரியவங்க? வெளியூர்லேருந்து வந்தவங்களை மேடையில ஏத்தி, பொன்னாடை போத்தி, நீங்க அடக்கமா கீழ உக்காந்து ரசிக்கிறீங்க பாருங்க. இதுதான் மேடம் பண்பாடு!"

"நல்லா இரும்மா," என்று மாஜி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

மையம் அங்கேயே இருக்கும், யாரும் கை வைக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று ஜெயப்ரியா மைக்கிலேயே சொன்னார். ஹேமாவதிக்கு ஊர் ஏரியையே தாண்டிக் குதிக்க வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. கார் கதவைத் திறக்கும்போது ஜெயப்ரியா திரும்பினார்.

"ஒண்ணு மறந்துட்டேன் மேடம். அடுத்த மாசம் எங்க பெரிய விழாவுக்கு ஒடிசாவிலேருந்தே ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இந்தக் குழு கட்டாயம் ஆடணும். நான் பேரு குடுத்துடறேன்."

கார் போயிற்று. மேடையில் குப்புராஜும் கங்கையம்மாளும் ஒருவர் கிரீடத்தை ஒருவர் கழற்றிவிட்டுக்கொண்டு, "என்னைப் பாத்து தமிழ் எப்ப கத்துக்கிட்டேன்னு கேட்டுச்சுங்க அது!" "உங்களயாவது அத்தோட வுட்ச்சு, கடல எனக்குக் காட்டுது பாரு!" என்று முதல் தடவையாக ஒரே கட்சியில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஏசுபாதம் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹேமாவதி மாஜியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இன்னிக்கு நீங்க விட்டுக் குடுக்கலைன்னா இந்த மையமே இல்ல. உங்க மேடையைப் பறிச்சு இவங்களுக்குக் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. அடுத்த மாசம் நீங்கதான் போகணும். கிரீடமும் சாயமும் இருந்தா யாருக்கு ஆள் அடையாளம் தெரியப்போகுது? உங்க ஊர்க்காரங்க முன்னாடி அசல் குமுராவை ஆடிக் காட்டிட்டு வாங்க!"

மாஜி விபூதியைத் துண்டால் துடைத்தார். மற்ற ஏழு பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு சொன்னார்:

"போறோம் மேடம், அதுக்கு முன்னாடி குப்புராஜ் சார் கைல சொல்லி அந்த ஸ்டெப்ப கொஞ்சம் கத்துக் குடுக்கச் சொல்லுங்க, எங்க எட்டு பேர்ல ஒர்த்தனுக்கும் டான்ஸ் தெரியாது!"